நிக்கிற மேடம்

அவருடைய முகம் எப்படி இருக்கும் என்று நைரோபியில் இருந்த ஒரு பெண்ணுக்கு வெகுநாள் வரை தெரியாது. மாதம் ஒரு முறை, பல தேசங்களில் என்னைப் போல இன்டர்னாக வேலை பார்த்த பிள்ளைகளும் அவர்களுடைய மேலாளர்களும் கணினித் திரையில் கூடுவோம். எல்லோரும் தலையும் தோளுமாகத் தெரிவார்கள். எங்கள் கட்டத்தில் மட்டும் நான் ஓரமாக உட்கார்ந்திருக்க, எனக்குப் பக்கத்தில் ஒரு கைத்தறிப் புடவையின் கொசுவமும், ஆடிக்கொண்டே இருக்கும் ஒரு கையும் தெரியும். குரல் மேலேயிருந்து வரும். ஒரு தடவை அந்த நைரோபிப் பெண் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்பினாள்: "உங்கள் மேலாளருக்குத் தலை உண்டா?"

"உண்டு. முக்காடு போட்ட தலை. ஆனால் கீழே இறங்காது" என்று பதில் போட்டேன்.

நான் அந்த வேலையில் சேர்ந்தது ஜெனீவாவை நினைத்துக்கொண்டு. சேலத்தில் ஊட்டச்சத்துப் படிப்பை முடித்த கையோடு விண்ணப்பித்தேன். குழந்தைகளின் உடல்நலத்துக்கும் உணவுக்கும் உலக அளவில் குரல் கொடுக்கிற ஒரு வெளிநாட்டு நிறுவனம், தலைமை அலுவலகம் ஜெனீவாவில். அப்பாவுக்கு அது பிடிபடவில்லை. "கொரல் குடுக்கறதுன்னா என்ன கண்ணு? சமைச்சுப் போடறதா, ஊசி போடறதா?" என்று கேட்டார். "ரெண்டும் இல்லப்பா. போட வேண்டியவங்க கிட்டப் போயி, போடுங்கன்னு சொல்றது" என்றேன். "அதுக்குச் சம்பளமா?" என்றார். சம்பளம் இல்லை, உதவித்தொகைதான் என்பதை நான் சொல்லவில்லை. ஜெனீவாவை நினைத்துச் சேர்ந்தவளுக்குக் கிடைத்தது ஏற்காடு பஸ்.

அந்த பஸ்ஸிலேயே அவரை முதலில் பார்த்தேன், அவர்தான் என் மேலாளர் என்று தெரியாமல். இருக்கைகள் காலியாகக் கிடந்தன. அடிவாரம் தாண்டி வளைவுகள் தொடங்கிவிட்டன. ஐம்பதை ஒட்டிய ஒரு அம்மாள் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு பக்கம் சாய்ந்து, நின்றுகொண்டே வந்தார். கண்டக்டர் அலுப்போடு சொன்னார்: "மேடம், உக்காந்தாலும் அதே டிக்கெட்டுதானுங்க."

"தெரியும் தம்பி. நீ வேலையப் பாரு" என்றார் அவர்.

அலுவலகத்தில் அவருடைய நாற்காலி கைப்பையை மாட்டுவதற்கு மட்டும்தான். இட்லியை ஜன்னலோரம் நின்றபடி தின்பார். டீயைப் பாதியில் எங்காவது வைத்துவிட்டு நடப்பார். ஜன்னல் கட்டையில், பீரோ மேல், மாடிப்படியில் என்று பாதி டீ தம்ளர்களைப் பொறுக்குவது என் முதல் வாரத்து வேலையாக இருந்தது. இதற்கா முதுகலை படித்தோம் என்று எரிச்சலாக வரும். அவர் நிற்கிற அறையில் நம்மாலும் உட்கார முடியாது. எழுந்து நிற்போம், கால் வலிக்கும், அவர் கவனிக்க மாட்டார். மலை கிராமங்களில் அவருக்கு வைத்திருந்த பெயர் 'நிக்கிற மேடம்'. அது அவருக்கும் தெரியும். தெரிந்தும் ஒன்றும் சொன்னதில்லை.

நிற்பது அவருக்கு வெறும் பழக்கம் இல்லை, வேலை செய்கிற முறை. சேலத்தில் ஒரு அதிகாரியின் அறைக்கு என்னை முதன்முதலாகக் கூட்டிப்போன நாளில் அதைக் கண்டேன். மலைமேல் உள்ள சில அங்கன்வாடிகளுக்கு முட்டை போய்ச் சேரவில்லை. வண்டி மாரமங்கலம் கிராமத்தோடு திரும்பிவிடுகிறது. அதிகாரி நல்ல மனிதர்தான். "உக்காருங்க மேடம்" என்றார். "பரவால்லீங்க" என்றார் இவர். "அட, உக்காருங்க. டீ சொல்றேன்." "இருக்கட்டுங்க சார். முட்டை எப்ப போகும்னு மட்டும் சொல்லிருங்க."

மேசைக்கு ரொம்பவும் பக்கத்தில், பேனா ஸ்டாண்டை இடிப்பது போல நின்றார். ஒரு பெண்மணி நின்றுகொண்டிருக்க உட்கார்ந்து பேசுவது அந்த மனிதருக்கு இருப்புக் கொள்ளவில்லை. கொஞ்ச நேரத்தில் அவரும் எழுந்தார். அவர் எழுந்ததும் ஓரத்தில் இருந்த கிளார்க் எழுந்தார். கோப்பு கொண்டுவந்த ஒருவரும் வாசலிலேயே நின்றுவிட்டார். அறை முழுக்க நின்றுகொண்டிருந்தது. கடைசியில் அதிகாரி நின்றபடியே போனை எடுத்து வண்டிக்காரரைக் கூப்பிட்டார். அடுத்த வாரம் முட்டை மேலே வந்தது.

திரும்புகிற வழியில் அவர் சொன்னார்: "உக்கார வெச்சுட்டாங்கன்னா பாதி தோத்தாச்சு கண்ணு. டீ வந்துருச்சுன்னா முழுசாத் தோத்தாச்சு. டீ குடிச்சுட்டு, 'வர்றேங்க'ன்னு எந்திரிச்சு வர்றதத் தவிர வேற வழியே இல்லை."

எனக்கு அன்று அவரை ரொம்பப் பிடித்திருந்தது. ஆனால் அடுத்த மாதமே பிடிக்காமல் போனது. ஒரு அங்கன்வாடியில், வேலை பார்க்கிற பெண் எடைபோடும் இயந்திரத்தைச் சரிசெய்துகொண்டிருந்தாள். பஸ்ஸை விட்டு இறங்கி மேடேறி நடந்து வந்தவள், இன்னும் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. இவர் அவள் தலைக்கு மேலே போய் நின்றுகொண்டார். ஒன்றும் திட்டவில்லை, கேள்விதான் கேட்டார். அதிகாரியிடம் நின்ற அதே நிற்பு. அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. "மேடம் தலமாட்டுல நிக்கறப்ப எனக்குக் கையெல்லாம் நடுங்குதுங்க" என்று பிறகு என்னிடம் சொன்னாள். பெரியவர்களிடம் போய் நிற்பது சரி, அந்தப் பெண்ணிடமும் ஏன் அப்படி நிற்க வேண்டும் என்று பஸ்ஸில் கேட்டுவிட்டேன். அவர் கம்பியைப் பிடித்தபடி வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். எனக்கு வராதது வராது என்பது போல இருந்தது அந்த முகம்.

அவர் எதனால் இப்படி ஆனார் என்று அவருடைய தம்பிதான் சொன்னார். ஏற்காட்டு பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் மிளகும் கிராம்பும் காப்பித்தூளும் விற்கிற கடை. வாப்பா காலத்துக் கடை. நான் அம்மாவுக்கு மிளகு வாங்கப் போயிருந்தேன். "உங்க அக்கா உக்காரவே மாட்டாங்களா பாய்?" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே தராசில் மிளகைக் கொட்டினார். "எனக்குச் சின்னதுல வாந்தி பேதி. கண்ணு சொருகிருச்சாமா. அம்மா தூக்கிட்டு ஆசுபத்திரிக்குப் போனாங்க. 'அந்த பெஞ்சுல உக்காருங்கம்மா, கூப்புடறோம்'னு சொன்னாங்களாம். எங்கம்மா சொன்ன சொல்லு தட்டாதவங்க. உக்காந்தாங்க. உக்காந்தே இருந்தாங்க. கூட அக்கா. அதுவும் சின்னப் புள்ளைதான். அது எந்திரிச்சுப் போயி டாக்டர் ரூம் கதவுகிட்ட நின்னுக்கிச்சு. போற வர்றவங்கெல்லாம் வெரட்டறாங்க, நகரலை. கடைசியில டாக்டரே 'ஏம்மா நிக்கிற'ன்னு கேட்டாராம்." பொட்டலத்தைக் கட்டி என் கையில் கொடுத்தார். "அதனாலதான் நான் இன்னிக்கி உங்களுக்கு மொளகு நிறுக்கறேன்."

அதற்குப் பிறகு கால் வலியை நான் கொஞ்சம் பொறுத்துக்கொண்டேன்.

அந்த வருஷம் எங்களுக்கு இருந்த ஒரே பெரிய காரியம் செம்மநத்தம். காப்பிப் பழம் பறிக்கிற சீசனில் அந்த மலை கிராமத்துப் பெண்கள் விடிவதற்குள் எஸ்டேட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். அங்கன்வாடி திறப்பது பொழுது ஏறி. அதுவரை நடக்கத் தெரியாத பிள்ளை, நடக்கத் தெரிந்து ஓடத் தெரியாத பிள்ளை எல்லாம் என்ன ஆகும்? ஒன்று, அக்காள்காரி பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு இடுப்பில் வைத்துக்கொள்வாள். இல்லாவிட்டால் பிள்ளையும் எஸ்டேட்டுக்குப் போகும். சவுக்கு மர நிழலில் சாக்கை விரித்து உட்கார வைத்துவிட்டால், கடுங்காப்பியில் தொட்ட பன்னோடு அதன் பகல் முடிந்துவிடும். சீசன் முடிந்து பார்த்தால் பிள்ளைகள் பாதியாக இருக்கும். சீசன் மாதங்களில் மட்டுமாவது அங்கன்வாடி மையத்தை விடியற்காலையில் திறந்து, சூடாகச் சாப்பாடு போட வேண்டும் என்று அவர் கேட்டார். எஸ்டேட்காரர்கள் அது அரசாங்க வேலை என்றார்கள். அரசு அலுவலகத்தில் விதி இல்லை என்றார்கள்.

அப்போது எங்கள் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு வெள்ளைக்கார அம்மாள் வருவதாகச் செய்தி வந்தது. உலகக் கூட்டம் ஒன்றில் காட்ட அவர்களுக்கு ஒரு ஊர் வேண்டும். அந்த ஊருக்கு முன்மாதிரியாக ஒரு மையம் நடத்திக் கொடுப்பார்கள். எங்கள் ஊரைப் பாருங்கள் என்று மேடம் திரையில் நின்று, தலை தெரியாமல், அவ்வளவு பேசியிருந்தார். நம்பித்தான் வந்தார்கள். பழம் சிவக்க இன்னும் சில வாரங்களே இருந்தன.

வருகிறவர்கள் சேதியைச் சொல்ல நாங்கள் முன்னதாகவே ஊருக்குப் போனோம். குழந்தைகளின் மேல்கையைச் சுற்றி அளக்கிற ஒரு நாடா உண்டு. பச்சையில் நின்றால் நலம், மஞ்சளில் நின்றால் கவனிக்க வேண்டும், சிவப்பு என்றால் பிள்ளை மிகவும் மெலிந்திருக்கிறது. அவர் அந்த நாடாவைக் கையில் பிடித்தபடி ஒவ்வொரு வாசலிலும் நின்று, "வெளிநாட்டுல இருந்து வர்றாங்க, உங்க குழந்தைங்களப் பாக்கணுமாம், ஊட்டுல இருங்க" என்று சொல்லிக்கொண்டே போனார். ஒரு வாசலில் நின்றவர் அடுத்த வாசலுக்கு நகர்ந்துவிடுவார். "சரிங்க மேடம்" என்று எல்லோரும் தலையாட்டினார்கள்.

வெள்ளைக்கார அம்மாள் வந்தார். கூடவே சென்னையிலிருந்து எங்கள் அலுவலகத்துப் பெரியவர் ஒருவர். முதலில் பொன்னி என்கிற பெண்ணின் வீடு. ராகிக் காடு கொஞ்சம் உண்டு, சீசனில் பழம் பறிக்கப் போவாள். அவள் இடுப்பில் கொழுகொழுவென்று ஒரு ஆண் குழந்தை. கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு, இடுப்பில் சலங்கை வைத்த வெள்ளி அரைஞாண். வெள்ளைக்கார அம்மாள் நாடாவைச் சுற்றினார். நல்ல பச்சை. அவர் சிரித்தார். எனக்குத்தான் குழப்பமாக இருந்தது. பொன்னிக்குப் பெண் குழந்தை அல்லவா என்று நினைத்தேன், ஆனால் நிச்சயமாகத் தெரியவில்லை.

இரண்டாவது வீட்டிலும் ஒரு கொழுகொழு ஆண் குழந்தை. சட்டை வேறு. அரைஞாணைப் பார்த்தேன். அதே சலங்கை. மூன்றாவது வீட்டில் அந்தக் குழந்தைக்கு ஒரு கம்பளிக் குல்லாயும் போட்டிருந்தார்கள். எங்களுக்கு முன்னால் ஒரு பெண் சந்துக்குள் அதைத் தூக்கிக்கொண்டு ஓடியதை நானே பார்த்தேன். பிள்ளைக்கு அந்த விளையாட்டு ரொம்பவும் பிடித்துப்போய், வெள்ளைக்கார அம்மாளைப் பார்த்து, பழகிய மனுஷியைப் பார்ப்பது போலச் சிரித்தது. அவருக்கு எல்லாக் குழந்தையும் ஒன்று போல இருந்திருக்க வேண்டும். மேடத்தைத் திரும்பிப் பார்த்தேன். அவருக்கும் தெரிந்துவிட்டது; வந்தவர்கள் முன்னால் ஊர்ப் பெண்களைப் பொய்க்காரிகளாக்க மனமில்லை போலும், அசையாமல் நின்றுகொண்டிருந்தார். சென்னைப் பெரியவர் மட்டும் மகிழ்ச்சியாக இருந்தார். ஜீப்பில் ஏறும்போது, "பரவாயில்லையே, இங்கே குழந்தைகள் நல்லா இருக்காங்களே" என்றார். முன்மாதிரி மையம் வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டது என்று அந்த ஒரு வாக்கியத்திலேயே எங்களுக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாள் காலை முதல் பஸ்ஸிலேயே செம்மநத்தத்துக்குப் போனோம். வழியெல்லாம் அவர் கம்பியைப் பிடித்திருந்த கையில் நரம்பு புடைத்திருந்தது. நேராகப் பொன்னி வீட்டு வாசலில் போய் நின்றார்.

"வாங்க மேடம். உக்காருங்க" என்றாள் பொன்னி.

"இருக்கட்டும். நேத்து வெச்சிருந்த குழந்தை யாருது?"

"எங்க சனந்தானுங்க. மேலூட்டுப் புள்ள அடிவாரத்துல இருந்து அவ அம்மா ஊட்டுக்கு வந்திருக்கறா. அவ பையனுங்க."

"உங்க குழந்தை எங்கே?"

பொன்னி உள்ளே திரும்பிப் பார்த்தாள். கதவுக்குப் பின்னால் ஒரு சின்னப் பாவாடை தெரிந்தது. தர்ஷினி. இரண்டு வயதைத் தாண்டியிருக்கும். கழுத்து மெலிந்து தலை மட்டும் பெரிதாகத் தெரிந்தது.

மேடத்துக்குக் குரல் உடைந்துவிட்டது. "நல்லா இல்லேன்னு நான் சொன்னத நம்பித்தான் பொன்னி அவங்க வந்தாங்க. இப்ப நான் பொய்க்காரி. அது கெடக்கட்டும். மையம் தொறக்கறது போச்சே. சீசனுக்கு இவள எங்க போட்டுட்டுப் போவீங்க? ஊரு மானத்துக்கு இவ பட்டினி கெடக்கணுமா?"

"பொண்ணு பாக்க வந்தா இரவல் வாங்கியாச்சும் நல்ல செயினப் போட்டு நிறுத்துவோம்ங்க. ஒண்ணுமில்லாத கழுத்தயா காட்டுவோம்?"

"இது பொண்ணு பாக்கற காரியமா?"

"என்ன காரியம்னு நீங்க எங்கீங்க சொன்னீங்க?" பொன்னிக்கும் கோபம் வந்துவிட்டது. "நாடாவக் கையில புடிச்சுட்டு வாசல்ல நின்னீங்க. வர்றாங்க, ஊட்டுல இருங்கன்னுட்டுப் போய்ட்டீங்க. பாரஸ்ட்காரரு வந்தா நின்னுட்டுத்தான் கேப்பாரு, வெறகு எங்க வெட்டினேன்னு. கரண்டுக்காரரும் நின்னுட்டுத்தான். நின்னுட்டுக் கேக்கறவங்களுக்கு எங்க கிட்ட ஒரே பதிலுதானுங்க. நல்லாருக்கறோம், ஒண்ணும் கொறை இல்லீங்க." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "மெலிஞ்ச புள்ளைன்னு எழுதிட்டா சேலத்துக்குத் தூக்கிட்டுப் போயி ஆசுபத்திரில படுக்க வெச்சுருவாங்கன்னு சொன்னாங்க. நான் கூடப் போயிட்டா பெரியவளுக்கு யாருங்க சோறு போடுவா?"

"நான் அப்படிச் சொல்லவே இல்லையே."

"நீங்க சொல்லலீங்க. உக்காந்து ரெண்டு வார்த்த பேசியிருந்தா, நாங்க கேட்டிருப்போம்."

அவர் கிளம்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன். வாசலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், சுவர் ஓரம் மடித்துக் கிடந்த பழச்சாக்கின் மேல் உட்கார்ந்தார். பழக்கம் இல்லாதவர் என்பதால் முதலில் ஒரு கையை ஊன்றி, பிறகு இன்னொரு கையை ஊன்றி, முட்டி சடக்கென்று சொடுக்க உட்கார்ந்தார். அந்தச் சத்தத்துக்குப் பொன்னி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவரும் சிரித்துவிட்டார். எனக்கு ஏனோ அழுகை வந்தது.

கடுங்காப்பி வந்தது. அவர் ஒரு தம்ளரை முழுக்கக் குடித்து நான் பார்த்தது அன்றுதான். பொன்னி அடுப்பு வேலையை விட்டுவிட்டுப் பேச ஆரம்பித்தாள். சாக்கில் உட்கார வைத்த பிள்ளை எறும்புப் புற்றுக்குப் போனது, பெரியவள் சீசனில் பள்ளிக்கூடம் போகாததால் போன வருஷத்துப் பாடமே இன்னும் தெரியவில்லை என்பது, தர்ஷினிக்குக் காய்ச்சல் என்று ஒரு நாள் நின்றதற்கு ஆள் கணக்கு எழுதுகிற எஸ்டேட் ரைட்டர் மறுநாள் பெயர் எழுதாமல் திருப்பி அனுப்பியது. போகப் போகப் பக்கத்து வீட்டுப் பெண்களும் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். இத்தனை நாள் வாசலில் கிடைக்காத பேச்சு அது. அதற்குள் தர்ஷினி கதவுக்குப் பின்னாலிருந்து மெல்ல வந்து, அந்த நாடாவை எடுத்து மேடத்தின் மணிக்கட்டில் சுற்றி அளந்துகொண்டிருந்தாள். அவர் கையை நீட்டிக்கொண்டு அசையாமல் இருந்தார். பிறகு நாடாவைப் பொன்னியிடமே கொடுத்து, பிள்ளையின் கையில் சுற்றச் சொன்னார்.

"செவப்புல நிக்குதுங்களே" என்றாள் பொன்னி.

"ஆமா. சோறு பத்தலைன்னு அர்த்தம். உங்க தப்புன்னு அர்த்தம் இல்லை சாமி."

பொன்னி நாடாவைக் கழற்றாமல் அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாக்கி இருந்த ஒரே கதவு மாவட்டக் கூட்டம். பெரிய அதிகாரி ஒருவர் தலைமையில் சேலத்தில் நடக்கும். அவர் ஒரு வார்த்தை சொன்னால் மையத்தைச் சீசனுக்கு முன்னதாகத் திறக்கலாம். "நீங்களே வந்து சொல்றீங்களா?" என்று மேடம் பொன்னியிடம் கேட்டார். "எனக்குப் பேச வராதுங்க" என்றாள். "இப்பப் பேசினீங்களே." போகும் வழியில் பஸ்ஸில் அவளோடு உட்கார்ந்து வந்தார். என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. கண்டக்டர் மட்டும் இரண்டு தடவை திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

கூட்டத்தில் எங்கள் முறை வந்ததும், ஒருவர் வெள்ளைக்கார அம்மாளின் அறிக்கையை எடுத்து வாசித்தார். செம்மநத்தத்தில் பார்த்த குழந்தைகள் நலமாக இருந்தார்கள் என்று அதில் இருந்தது. "அப்புறம் என்ன மேடம்?" என்றார் அதிகாரி. வழக்கமாக இந்த இடத்தில் மேடம் எழுந்து மேசைக்குப் பக்கத்தில் போயிருப்பார். அன்று எழவில்லை. "இவங்க சொல்லுவாங்க சார்" என்று மட்டும் சொன்னார். நான் பக்கத்தில் இருந்தேன். நாற்காலியின் கைப்பிடியை அவர் பிடித்திருந்த பிடி எனக்குத் தெரியும். மேசைக்குக் கீழே கால் ஓடிக்கொண்டிருந்தது.

பொன்னி தர்ஷினியை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் போனாள். "உக்காருங்கம்மா. அம்மாவுக்கு ஒரு டீ குடுங்கப்பா" என்றார் அதிகாரி.

"இல்லீங்கய்யா. நிக்கறேன்" என்றாள் பொன்னி. டீ கொண்டுவந்தவர் தட்டோடு அப்படியே நின்றார்.

"அந்தத் தொரசாணி பாத்தது எங்க புள்ளைங்க இல்லீங்கய்யா. அடிவாரத்துல இருந்து விருந்தாடி வந்த பையன். மூணு ஊட்டுலயும் அவனையேதான் காட்டுனோம்." யாரோ ஒருவர் சிரித்தார். பொன்னி அந்தப் பக்கம் பார்க்கவில்லை. தர்ஷினியின் சட்டைக் கையை மேலே சுருட்டினாள். "இதுதானுங்க எம்புள்ள."

சிரித்தவர் நிறுத்திக்கொண்டார்.

"யாரும்மா உங்களை அப்படிப் பண்ணச் சொன்னது?"

"யாரும் சொல்லலீங்கய்யா. பெத்த புள்ளைய மெலிஞ்சு கெடக்குதுன்னு நாங்களே எப்படிங்க ஊருக்குக் காட்டறது? இன்னிக்கித்தான் காட்டறேன்."

அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டார். "சரிம்மா. பரிசீலிக்கிறோம். நீங்க போகலாம்."

பொன்னி போகவில்லை. பிள்ளையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "எப்பங்க தொறப்பீங்க? பழம் செவந்துருச்சுங்க."

அதிகாரி தன் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ கேட்டார். அவர் குனிந்து எதையோ பார்த்தார். பொன்னி நின்றுகொண்டிருந்தாள். பிள்ளை அழத் தொடங்கியது, அப்போதும் நின்றுகொண்டிருந்தாள். பறிப்புத் தொடங்குகிற வாரத்திலேயே திறந்துவிட வேண்டும் என்று கடைசியில் அந்த மனிதர் சொல்லிவிட்டார். வெளியே வந்ததும் பொன்னி மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். மேடம் அவளுக்கு டீ வாங்கி வந்து, கூடவே உட்கார்ந்து தானும் குடித்தார்.

மையம் திறந்த அன்று காலையில் நல்ல பனி. பெண்கள் கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு வந்து பிள்ளைகளை விட்டுவிட்டுப் போனார்கள். ராகிக் கஞ்சியும் அவித்த முட்டையும். கண் கலங்கிய அந்த அங்கன்வாடிப் பெண்தான் அங்கே பொறுப்புக்கு வந்திருந்தாள். அன்றுதான் எங்கள் மாதாந்திரத் திரைக்கூட்டமும். எனக்கு அது கடைசிக் கூட்டம். மையத்திலிருந்தே பேசலாம் என்று போனை ஒரு டப்பாவின் மேல் சாய்த்து வைத்தேன். தேசம் தேசமாகக் கட்டங்கள் விழுந்தன. எங்கள் கட்டத்தில் அவர் முகம் தெரிந்தது. முக்காடு, மூக்குக் கண்ணாடி, நரைத்த புருவம் எல்லாம் முழுசாக. வயிறு நிறைந்த தர்ஷினி அவர் மடியில் தூங்கிப்போயிருந்தாள், அவரால் எழ முடியவில்லை. "ஓ, இதுதான் அவரா" என்று நைரோபிப் பெண் செய்தி அனுப்பினாள்.

உட்கார்ந்திருந்தாரே தவிர அமைதியாக இருக்கவில்லை. கண் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது. கூட்டம் நடக்கும்போதே என் பக்கம் சாய்ந்து, பிள்ளை எழாதபடி மெல்லக் கேட்டார்: "மாரமங்கலத்துக்காரங்களும் இதே மாதிரி கேட்டிருந்தாங்களே, என்னாச்சு?"

"பதில் வரலீங்க மேடம்."

"முட்டை அனுப்புனாரே, அந்த ஆபீசர் இன்னிக்கி ஏற்காட்டுலதான் இருக்காராம். மத்தியானம் போயிருவாரு." மடியைப் பார்த்தார். தர்ஷினி அவர் முந்தானையைக் கையில் சுருட்டிப் பிடித்திருந்தாள். "நான் எப்படி எந்திரிக்கறது? நீ போயி நில்லு."

மேடு இறங்கி, பஸ் பிடித்து, ஏற்காட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது எனக்குக் கால் கெஞ்சியது. காலையிலிருந்து ஒன்றும் வயிற்றுக்குள் போகவில்லை. அதிகாரி என்னை உள்ளே விட்டார். நல்ல மனிதர்தான். எதிரே இருந்த நாற்காலியைக் காட்டி, "உக்காரும்மா, டீ சொல்றேன்" என்றார். இஞ்சி தட்டிப் போட்ட வாசனை அந்த அறை முழுக்க இருந்தது. குடித்தால்தான் என்ன என்று தோன்றாமல் இல்லை.

"வேண்டாங்க சார்" என்றேன். "மாரமங்கலத்துல எப்பங்க தொறப்பீங்க?"